வீட்டுக்கு ஒரு துவக்கு

லண்டனில் குட்மேய்ஸில் குலசேகரத்தின் வீட்டைக் கள்ளர் உடைத்த அன்று, அந்த வீட்டின் நகைகள் முழுவதும் அவருடைய மனைவி சந்திரவதனாவின் கழுத்திலும் கைகளிலும் ஏறி லூயிஷாமுக்குக் கல்யாணம் பார்க்கப் போயிருந்தன. மாப்பிள்ளையையும் தெரியாது, பெண்ணையும் தெரியாது. ஆனால் கார்ட் வந்துவிட்டது. போகாவிட்டால் நாளைக்கு எங்கள் வீட்டுக் காரியத்துக்கு யார் வருவார்கள் என்பது குலசேகரத்தின் வாதம். ஒரே மகளும் கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போன பிறகு இந்த வீட்டில் இனி நடக்கக்கூடிய காரியம் எது என்று சந்திரவதனா கேட்கவில்லை. பதில் இருவருக்கும் தெரியும்.

பின்னேரம் திரும்பி வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. வீடியோ டெக்கைக் காணவில்லை. குலசேகரத்தின் தோல் ஜாக்கெட்டைக் காணவில்லை. தடிமன் சளிக்கு மருந்தென்று வைத்திருந்த அரைப் போத்தல் பிராந்தியையும் காணவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அவ்வளவு அடிக்கடி தடிமன் வருவதில்லை என்பது வேறு கதை. குளிர்ப்பெட்டியிலிருந்த கத்தரிக்காய்க் குழம்பைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மற்றதெல்லாம் பரவாயில்லை, அதுதான் சந்திரவதனாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் வலித்தது.

பொலிஸ்காரர் வந்தார். கதவைப் பார்த்து, ம் என்றார். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை எழுதித் தந்து, இதைக் கவனமாக வைத்திருங்கள் என்றார். கள்ளரைக் கவனமாகத் தேடுவதாகச் சொல்லவில்லை. அவர் படலையைத் தாண்டியதும் குலசேகரம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சந்திரா, இனி இப்பிடி இருக்க ஏலாது. கள்ளர் வந்தால் சுட வீட்டுக்கு ஒரு துவக்கு வாங்கவேணும்."

"முதல்ல பின்கதவுக்கு ஒரு பூட்டு வாங்குங்கோ."

அந்தப் பூட்டு மார்கழி மாதத்திலிருந்து பழுது. அதைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. துவக்கு வாங்க நேரம் கிடைத்தது.

குலசேகரம் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவராக இருந்தவர். லண்டனில் அவருக்கு வாய்த்ததும் படத்தோடுதான். றொம்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு படம் கழுவும் தொழிற்சாலை. ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரர் கடற்கரையில் சிவந்துபோய்க் கிடக்கும் படங்களை நாள் முழுக்கப் பார்த்து, மங்கலாக விழுந்தவற்றின் மேல், 'இது எங்கள் பிழையல்ல, நீங்கள் கையை ஆட்டிவிட்டீர்கள்' என்று மரியாதையாகச் சொல்லும் ஒட்டுத்தாளை ஒட்டுவது வேலை. குரல் உயர்த்திப் பேசாதவர். நாயைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போகிறவர். நவம்பர் மாதம் வெள்ளைக்காரர் வாணம் விடுகிற நாளில், வேலையால் வந்ததும் யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் எதையோ தேடுகிறவர்போல உட்கார்ந்துவிடுவார். என்ன தேடுகிறீர்கள் என்று சந்திரவதனா ஒருபோதும் கேட்டதில்லை.

இந்த மனிதருக்குத்தான் துவக்கு.

ஆலோசனை சொல்ல அடுத்த ஞாயிறு மதியம் பெனடிக்ற் வந்தார். மன்னார்க்காரர், மினிகாப் ஓட்டுகிறவர். பூசை முடிந்த கையோடு, ஜெபப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, கொலைக் கருவிகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த ஆண்கள் எல்லாரையும்போல அவருக்கும் துவக்கைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. வாழ்நாளில் ஒன்றைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மதகுக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே போகும் சத்தத்தை வைத்தே அது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லக்கூடியவர்.

"பிஸ்டல் எண்டால் கைக்கு அடக்கம், அண்ணை. தலகாணிக்குக் கீழ வைக்கலாம்."

"நித்திரையில வெடிச்சால்?" என்றாள் சந்திரவதனா, சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டே.

"அதுக்கு லொக் இருக்கு, அக்கா."

"பின்கதவுக்கும் இருந்தது."

பெனடிக்ற் ரைபிளுக்கு மாறினார். ரைபிள் குண்டு கள்ளனைத் துளைத்து, சுவரைத் துளைத்து, பக்கத்து வீட்டையும் துளைக்கும் என்றார். குட்மேய்ஸ் வீடுகளின் சுவர் எப்படிப்பட்டது என்றால், பக்கத்து வீட்டு மிஸிஸ் பார்லோ தும்மினால் இவர்கள் இங்கிருந்து நூறு வயது சொல்லலாம். ஆகவே ரைபிள் சரிவராது. மிஞ்சியது சிறு குண்டுகளைச் சிதறவிடும் சன்னத் துவக்கு. அதற்குள் எந்தத் தோட்டா போடுவது என்பதில் கறி ஆறிப்போகும் வரைக்கும் ஆராய்ச்சி நடந்தது. எட்டாம் நம்பர் குருவிக்கு. நாலாம் நம்பர் முயலுக்கு. எஸ்.ஜி. என்றால் காட்டுப்பன்றிக்கு.

"கள்ளனுக்கு எத்தினையாம் நம்பர்?" என்று குலசேகரம் கேட்டார்.

பெனடிக்ற் மீன் முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்து, யோசித்தார். "அது கள்ளன்ர பருமனைப் பொறுத்தது, அண்ணை."

"அப்ப முதல்ல அவனைக் கூப்பிட்டு நிறுத்துப் பாருங்கோ," என்றாள் சந்திரவதனா.

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அவளுக்குத் துவக்கு புதிதல்ல. கொக்குவிலில் அவர்கள் வீட்டில் ஒன்று இருந்தது. மாமனார் வன்னியில் வயல் செய்த காலத்தில் பன்றிக்காக லைசன்ஸ் எடுத்து வாங்கியது. அவர் போன பிறகு வயலும் போய்விட்டது. துவக்கு மட்டும் மிஞ்சி, லைசன்ஸ் குலசேகரத்தின் பெயருக்கு மாறி, அலுமாரிக்கு மேலே பழைய வேட்டி சுற்றிக் கிடந்தது. எண்பத்துநான்காம் ஆண்டு ஒருநாள் மூன்று இயக்கப் பெடியன்கள் சைக்கிளில் வந்தார்கள். அண்ணை, உங்களிட்ட ஒரு துவக்கு இருக்காம் என்றார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். குலசேகரம் துவக்கை இறக்கி, தூசி தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மிச்சமிருந்த தோட்டாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். சந்திரவதனா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒருவன் சீனி போதாது என்றான். போட்டுக் கொடுத்தாள்.

சில மாதத்தில் ஆமி வந்தது. லைசன்ஸ் புத்தகத்தில் உன் பெயரில் துவக்கு இருக்கிறது, எங்கே அது? குலசேகரத்தின் தலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளைத்தான் கேட்டார்கள். தெரியாது என்றாள். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் தெரியாது என்றாள். அவரைக் கொண்டுபோனார்கள். முகாமிலிருந்து அவர் திரும்பி வந்தபோது, ஒரு நல்ல மனிதரின் சட்டையை வேறு யாரோ மெலிந்த ஆளுக்குப் போட்டுவிட்டதுபோல இருந்தார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அந்த வருடமே லண்டனுக்கு வந்தார்கள்.

துவக்கு இருந்ததால் பெடியன்கள் வந்தார்கள். துவக்கு இல்லாததால் ஆமி வந்தது. இதிலிருந்து ஒரு மனிதன் கற்றுக்கொண்ட பாடம், இன்னொரு துவக்கு வாங்க வேண்டும் என்பது.

எசெக்ஸ் பக்கம் ஒரு சிறிய பட்டணத்தில் துவக்குக் கடை இருந்தது. கடைக்காரர் பெயர் ஹார்கிறீவ்ஸ். கம்பளிச் சட்டையும் பெரிய காதுகளும் உள்ள கிழவர். குலசேகரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், கவுண்டருக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன்போல நின்று, தன் சுத்தமான கந்தோர் ஆங்கிலத்தில், வீட்டில் கள்ளரைச் சுடுவதற்கு ஒரு துவக்கு வேண்டும் என்றார்.

ஹார்கிறீவ்ஸ் வாசலை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவில்லை. இந்த நாட்டில் கள்ளனுக்கென்று துவக்குக் கேட்டால் லைசன்ஸ் தரமாட்டார்கள். புறாவுக்கென்று கேட்டால் தருவார்கள்."

"எனக்குப் புறாவோடு ஒரு பகையும் இல்லையே."

"உண்மையான புறா இல்லை. களிமண்ணில் செய்த தட்டு. மெஷின் அதை மேலே எறியும். நீங்கள் சுட வேண்டும். நான்தான் கிளப் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள்."

வீடு புகுந்து பொருளைக் கொண்டுபோகிறவனைச் சுட அனுமதியில்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத களிமண் தட்டைச் சுட அனுமதி உண்டு. நாகரிகமான நாடு என்று சந்திரவதனா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கிளப்பில் சேர்ந்து, லைசன்ஸுக்கு விண்ணப்பித்த பிறகு, ஒரு பின்னேரம் வீட்டைப் பார்வையிட ஒரு கொன்ஸ்டபிள் வந்தான். மகளைவிட இளையவன். சந்திரவதனா வடை சுட்டு வைத்தாள். அவன் ஒன்றைக் கடித்து, கண் கலங்கி, மிகவும் நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினான். குலசேகரம் எல்லாவற்றுக்கும் களிமண் புறா என்றே பதில் சொன்னார். பிறகு கொன்ஸ்டபிள் கேட்டான்:

"இதற்கு முன் உங்களிடம் துவக்கு இருந்ததா?"

"ஓம்... யெஸ்."

"அதற்கு என்ன நடந்தது?"

குலசேகரத்தின் வாய் திறந்தது. அவருடைய வலது கை தானாக மேலே போய்ப் பிடரியைத் தடவியது. அந்தக் கையைச் சந்திரவதனாவுக்குத் தெரியும். அது அங்கே போய்விட்டால் அன்றைக்கு முழுவதும் அவரிடமிருந்து கதை வராது. அவள் முந்திக்கொண்டாள்.

"இரவல் கேட்டார்கள். கொடுத்தோம். திருப்பித் தரவில்லை."

"அப்படியா! பொலிஸில் சொன்னீர்களா?"

"தேவைப்படவில்லை. அரசாங்கமே வீட்டுக்கு வந்து விசாரித்தது."

கொன்ஸ்டபிள் தலையை ஆட்டினான். உங்கள் நாட்டில் அவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்களா என்று கேட்டான். மிகவும் அக்கறை என்றாள் சந்திரவதனா.

லைசன்ஸ் வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டி, அலுமாரியைச் சுவரோடு திருகாணியால் முடுக்க வேண்டும். தோட்டாக்களை வேறாகப் பூட்டி வைப்பது நல்லது. பூட்டின் திறப்பு குலசேகரத்திடம் மட்டும்தான் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது. முப்பது வருடமாக அவருடைய காலுக்குப் போடும் மேஸ் சோடி எங்கே இருக்கிறது, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது, மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவருக்கே சொல்லி வந்தவளிடமிருந்து இந்த ஒரு பொருளை மட்டும் ஒளித்து வைக்கச் சொல்லிச் சட்டம் கட்டளையிட்டது.

ஹார்கிறீவ்ஸ் கடையில் ஒரு பழைய ஸ்பானிய இரட்டைக் குழல் துவக்கைத் தெரிவு செய்தார்கள். தெரிவு என்றால், குலசேகரம் ஒவ்வொன்றாகத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தார். கிழவர் இது உங்களுக்கு நீளம், இது உங்களுக்குப் பாரம் என்று தையற்காரன்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு தோட்டா.

"களிமண் புறாவுக்கு ஏழரை நம்பர் போதும்," என்றார் ஹார்கிறீவ்ஸ்.

குலசேகரம் தயங்கினார். "அந்தக் களிமண் புறா தடித்த ஜாக்கெட் போட்டிருந்தால்?"

கிழவர் ஒரு பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "ஏழரை நம்பர்," என்றார் திரும்பவும்.

ஏழரை என்றதும் சந்திரவதனாவுக்குச் சனியன்தான் ஞாபகம் வந்தது.

துவக்கு வீட்டுக்கு வந்த கிழமை குலசேகரம் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். கள்ளனாக நடிக்க வேறு ஆளில்லை. சந்திரவதனா பின்கதவால் குசினிக்குள் வர வேண்டும். அவர் மேலே கட்டிலில் படுத்திருந்து, சத்தம் கேட்டு எழும்பி, ஆயத்தமாகிக் கீழே வர வேண்டும். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கள்ளன் வந்திட்டான் என்று கத்தினாள். மேலே கட்டில் கிறீச்சிட்டது. காலடி கேட்டது. பிறகு,

"சந்திரா, நீர் கொஞ்சம் வெளியில போய் நில்லும். திறப்பு எடுக்கப்போறன். உமக்குச் சத்தம் கேக்கக்கூடாது."

கள்ளன் வெளியே போய்க் குளிரில் நின்றான். திரும்பி உள்ளே வந்தபோது மேலே இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தோட்டாப் பெட்டியின் திறப்பைத் தேடுகிற சத்தம். பிறகு, எங்கை வைச்சனான், எங்கை வைச்சனான் என்ற முணுமுணுப்பு. அவள் கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டும் தோய்த்துச் சாப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ! கள்ளன் தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சிட்டான். போகப்போறானாம். உங்களிட்டச் சொல்லிப்போட்டுப் போகட்டோ?"

மேலே சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் குலசேகரம் படியில் தோன்றினார், ஒரு கையில் துவக்கும் மறு கையில் தோட்டாவுமாக. அவருடைய மூக்குக்கண்ணாடி கட்டிலருகிலேயே இருந்துவிட்டது. அவர் கதவுப் பக்கம் தொங்கிய தன் மழைக்கோட்டை நோக்கி, ஸ்டொப் என்றார்.

அதன் பிறகு ஒத்திகை நடக்கவில்லை. ஆனால் கிளப்புக்குப் போவது நடந்தது, ஏனென்றால் போகாவிட்டால் லைசன்ஸைப் புதுப்பிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரவதனாவும் போனாள். வீட்டில் தனியே இருந்து துவக்கைக் காவல் காக்கிற வேலை இல்லாததால். எசெக்ஸ் காற்று சேலைக்குள் புகுந்து எலும்பை விசாரித்தது. சேற்று வயலில் பச்சை ரப்பர்ச் சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரர் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக முன்னே போய், 'புல்' என்று கத்தினார்கள். உடனே மெஷின் தட்டை எறிந்தது. இத்தனை பேர் புல்லுத் தரையில் நின்றுகொண்டு புல், புல் என்று ஏன் கத்துகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. இழு என்பதற்கான ஆங்கிலம் அது என்று ஹார்கிறீவ்ஸ் பிறகு விளக்கினார்.

குலசேகரத்தின் முறை வந்தது. அவர் காதுக்கு மூடியைப் போட்டுக்கொண்டார். துவக்கைத் தோளில் வைத்தார். புல், என்றார். மெஷின்காரனுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார். கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லு, மனுசா என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

குலசேகரம் கத்தினார்.

அப்படி ஒரு குரல் அந்த நெஞ்சுக்குள் இருந்தது சந்திரவதனாவுக்குத் தெரியாது. முகாமிலிருந்து வந்த பிறகு அவர் மகளின் கல்யாணத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. தொண்டை கிழிய வந்த அந்தச் சத்தத்துக்கு வேலியிலிருந்த காகங்கள் எழும்பின. தட்டு மேலே போனது. வெடி கேட்டது. தட்டு போன வழியே போய், முழுசாகப் புல்லில் விழுந்தது. படவில்லை. அவர் திரும்பவும் கத்தினார். படவில்லை. திரும்பவும் கத்தினார். இந்த முறை தட்டு வானத்தில் கறுப்புத் தூளாகப் பறந்தது. குலசேகரம் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். வெடிச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, பல் தெரியச் சிரித்தார். அவளுக்குச் சொல்வதற்கு ஒரு நக்கலும் வாயில் வரவில்லை. குளிர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு தை மாதப் பகல். சந்திரவதனா முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை செய்தாள். அன்று காய்ச்சலென்று போகவில்லை. மேல் அறையில் படுத்திருந்தபோது கீழே கண்ணாடி உடைந்தது. பின்கதவுக்கு இப்போது நல்ல பூட்டு இருந்தது. அதனால் வந்தவன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் திறந்துகொண்டான். அவள் எழும்பிப் படித்தலைப்புக்கு வரவும் அவன் மேலே ஏறி வரவும் சரியாக இருந்தது. கைகளில் சுப்பர்மார்க்கெட் பைகளை உறைபோல மாட்டியிருந்த ஒரு நோஞ்சான். அவளைக் கண்டு அவனும் திடுக்கிட்டான். பிறகு, திறந்திருந்த சின்ன அறைக்குள் இரும்பு அலுமாரியைக் கண்டான்.

"அதுக்குள்ளே என்ன இருக்கு?"

அவன் அலுமாரியைத் தட்டிப் பார்த்தான். இந்த ஊரில் இப்படி ஒரு அலுமாரிக்குள் என்ன இருக்கும் என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"துவக்கா? திறப்பு எங்கே?"

"தெரியாது."

"பொய் சொல்லாதே. எங்கே?"

"தெரியாது. உண்மையாகத் தெரியாது. பொலிஸ் எனக்குச் சொல்லக்கூடாது என்றது."

தன் வாயிலிருந்து வரும் சொற்களைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஆத்திரத்தில் அலுமாரியை உதைத்தான். கையில் கொண்டுவந்த இரும்புக் கம்பியைக் கதவு இடுக்கில் செருகி நெம்பினான். வீடே அதிர்ந்தது. அப்போது சுவரின் மறுபக்கத்திலிருந்து டமார் டமார் என்று தட்டும் சத்தமும், கூடவே மிஸிஸ் பார்லோவின் குரலும் வந்தன.

"நிறுத்துங்கள் இந்தச் சத்தத்தை! நான் கவுன்சிலுக்குப் போன் செய்கிறேன்! இப்போதே செய்கிறேன்!"

பொலிஸ் என்றால் அவன் யோசித்திருப்பான். நகரசபைக் கவுன்சில் என்றது என்னவோ செய்தது. கம்பியை இழுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்கிப் போய்விட்டான்.

குலசேகரம் றொம்ஃபோர்டிலிருந்து ஓடிவந்தபோது சந்திரவதனா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைக் கடந்து மேலே ஓடினார். அலுமாரியின் கதவைப் பார்த்தார். கீறல் மட்டும்தான். பெருமூச்சு விட்டார். பிறகுதான் இறங்கி அவளிடம் வந்தார். அந்த வரிசையை அவள் கவனித்தாள். பொலிஸ் வந்தது. அலுமாரியை மெச்சியது. துவக்கு களவு போகாதது பெரிய காரியம் என்று குலசேகரத்தின் கையைக் குலுக்கியது. இங்கே துவக்கு இருப்பது இனி வெளியே தெரிந்திருக்கும், அதற்காகவே திரும்பி வருவார்கள், ஆகவே வீட்டுக்கு அலாரம் ஒன்று போடுவது நல்லது என்றது. வீட்டைக் காக்கத் துவக்கு. துவக்கைக் காக்க அலாரம். அலாரத்தைக் காக்க எதை வாங்குவது என்று கேட்கச் சந்திரவதனாவுக்குத் தெம்பில்லை. பொலிஸ்காரர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்டைக்கும் இதைத்தான் கேட்டாங்கள். துவக்கு எங்கை எண்டு. இண்டைக்கும் இவன் அதைத்தான் கேக்கிறான். நான் இன்னும் எத்தினை நாட்டில நிண்டு தெரியாது, தெரியாது எண்டு சொல்லவேணும்? சொல்லுங்கோப்பா!"

குலசேகரம் அவளுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தார். கை பிடரிக்குப் போனது. பாதியில் அதை இறக்கி, அவளுடைய காலில் வைத்தார்.

"வித்துப்போடட்டோ?" என்றார்.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சேற்று வயலில் எழும்பிய காகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"விக்க வேண்டாம். அந்தக் கிழவன்ர கடையில வைக்கலாமோ எண்டு கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில போய்ப் பாத்திட்டு வாங்கோ. இஞ்ச மட்டும் வேண்டாம்."

ஹார்கிறீவ்ஸ் சம்மதித்தார். அப்படியாக, குட்மேய்ஸ் வீட்டைப் பாதுகாப்பதற்காக வாங்கப்பட்ட துவக்கு, எசெக்ஸில் ஒரு கடையில், இருபது மைலுக்கு அப்பால், மிகவும் பாதுகாப்பாக இருந்தது. குலசேகரம் விடுதியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்போல ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து, அதை எடுத்துச் சுட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இரும்பு அலுமாரியில் சந்திரவதனா அரிசியும் மிளகாய்த்தூளும் வைத்தாள். திறப்பு அவளிடம்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளப்பில் நடந்த மார்கழி நத்தார்ப் போட்டியில் குலசேகரத்துக்கு வயதானவர்கள் பிரிவில் மூன்றாம் இடம் கிடைத்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் நாலு பேர். பரிசாக ஒரு சோடி காட்டுக்கோழி, இறகும் தலையும் கண்ணுமாக, காலில் கயிறு கட்டித் தந்தார்கள். சந்திரவதனா வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் இருந்து இறகு பிடுங்க, அது பறந்து மிஸிஸ் பார்லோவின் உடுப்புக் கொடியில் ஒட்ட, அதற்கும் கவுன்சில் வரை பேச்சுப் போனது. இறைச்சியைச் சரக்குத் தூள் போட்டு வற்றக் காய்ச்சினாள். இவ்வளவு காலம் துவக்கை வைத்துப் பார்த்த மனுசனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடாவிட்டால் அழகில்லை என்று அவள்தான் சொன்னாள்.

ஹார்கிறீவ்ஸ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். முதல் வாய்க்கே காதுகள் சிவந்தன. மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. சந்திரவதனா குசினியில் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் கிழவர் ஏதோ கேட்பதும், குலசேகரம் பதில் சொல்லத் தொடங்குவதும் கேட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். முகாமைப் பற்றித்தான் சொன்னார். எந்த அறை, எத்தனை பேர், தலையை எதில் அமுக்கினார்கள், விடிய யாரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள் என்று, படம் கழுவும் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில், ஒட்டுத்தாள் ஒட்டுகிறவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டின மனைவிக்குப் பதினொரு வருடமாகச் சொல்லாததை எல்லாம் ஒரு துவக்கு வியாபாரிக்குச் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், குசினி வாசலில் பப்படத் தட்டோடு நின்று கடைசிவரை கேட்டாள்.

சொல்லி முடிந்தது. ஹார்கிறீவ்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மிக மோசமான விஷயம்," என்றார். பிறகு தன் கோப்பையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று கேட்டார்.

அதற்கு இதைவிட நல்ல பதில் சந்திரவதனாவுக்குத் தமிழிலும் தெரிந்திருக்கவில்லை. வந்து சோறு போட்டாள். கணவரின் கோப்பையிலும் ஒரு கரண்டி போட்டாள்.

"ஆறிப்போச்சு. சாப்பிடுங்கோ," என்றாள்.